டிசம்பரில் கொர்னாஸ்

வாசம் என் கையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்தேன். பிரான்ஸின் லியோன் நகரத்து உணவகம் ஒன்றின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்திருந்த முதல் குளிர்காலம் அது. மாட்டிறைச்சியில் அப்புவதற்கு இரண்டும் மூன்றுமாக உடைந்த மிளகு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கனத்த சட்டியின் அடியால் அன்று மாலை முழுவதும் மிளகு நசுக்கிக்கொண்டிருந்தேன். இரவு கடைசி மேசையும் எழுந்துபோன பிறகு, வைனுக்குப் பொறுப்பானவர் ஒரு போத்தலில் மிஞ்சிக் கிடந்ததைக் கிளாஸில் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். மூக்கருகே கொண்டுபோனதும் மிளகு. கிளாஸை வைத்துவிட்டுப் போய்ச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவினேன். திரும்பி வந்து முகர்ந்தேன். அப்போதும் மிளகு. இம்முறை அதன் பின்னால் நாவற்பழமும், அணைந்த விறகின் புகையும். அவரிடம் சொன்னேன். "ஆமாம், சிரா" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் விளக்கணைக்கப் போய்விட்டார்.

அன்று குடித்தது சென்-ஜோசப். லியோனுக்குத் தெற்கே, ரோன் ஆற்றின் மேற்குக் கரையோரம், ஐம்பது கிலோமீற்றருக்கும் மேலாக நீளும் மலைச்சரிவுகளில் விளைவது. சிரா என்பது அந்த வைனைத் தரும் திராட்சைப் பழத்தின் பெயர். அந்த இரவுக்குப் பிறகு வந்த எல்லாக் குளிர்காலங்களும் எனக்கு அந்த மிளகு வாசத்தோடுதான் தொடங்கியிருக்கின்றன.

ஒவ்வொரு நவம்பரிலும் தொலைபேசியில் ஒரு கேள்வி வரும். பரிஸில் இருக்கும் உறவினர்கள், சுவிஸில் இருக்கும் பள்ளித் தோழர்கள், என் சமையலறையிலேயே வேலை செய்யும் இளைஞர்கள் என்று யாராவது ஒருவர் கேட்பார்: "குளிருக்கு உடம்பைச் சூடாக்குகிற சிவப்பு வைன் ஒன்று சொல்லுங்கள்." கேட்டவர் கடைக்குப் போய் லேபலைத் திருப்பி, மது 15 சதவீதம் என்று போட்டிருக்கும் போத்தலைத் தேடி எடுப்பார் என்று எனக்குத் தெரியும். நானும் பல வருடம் அதைத்தான் செய்தேன். மது உடம்பைச் சூடாக்குவதில்லை. தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருந்த சூடு தோலுக்கு வருகிறது. முகம் சிவந்து கதகதப்பாக இருப்பதுபோலத் தோன்றுகிறது. அந்தச் சூடு அப்படியே காற்றோடு போய்விடுகிறது. குளிரில் வெளியே நிற்பவனுக்கு இது நல்லதல்ல. வீட்டுக்குள் இருப்பவனுக்கோ, பதினைந்து சதவீத வைனின் இரண்டாவது கிளாஸ் நாக்கில் கனத்துப்போய்ச் சாப்பாட்டையும் மறைத்துவிடும்.

என் பதில் இப்போதெல்லாம் ஒன்றுதான். சதவீதத்தைப் பார்க்காதீர்கள். மிளகைப் பாருங்கள், துவர்ப்பைப் பாருங்கள்.

துவர்ப்பு என்ற சொல்லுக்காக நான் தமிழுக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை. அறுசுவையில் ஒன்றாக அதை வைத்துச் சின்ன வயதிலேயே நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். வைன் சுவைக்கப் புதிதாக வரும் பிரெஞ்சு இளைஞர்கள் புளிப்பு எது, துவர்ப்பு எது என்று பிரித்துச் சொல்லத் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு அந்தத் தடுமாற்றம் இருக்கக் கூடாது. நாவற்பழம் தின்று நாக்கை நீட்டி ஊதா நிறம் பார்த்தவர்கள் நாம். பாக்கை மென்றபோது கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடித்ததை உணர்ந்தவர்கள். பழத்தின் தோலிலும் விதையிலும் உள்ள தனின் என்ற பொருள் எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. எச்சிலின் வழுவழுப்புப் போய் வாய் வறள்கிறது. அதுதான் துவர்ப்பு.

கோடையில் அது வேண்டாத விருந்தாளி. தக்காளி சலாதும் பொரித்த மீனும் சாப்பிடும் நாளில் துவர்க்கும் வைனைத் திறந்தால் வாய் காய்ந்துவிடும். குளிர்காலத்துச் சமையல் வேறு. இந்த ஊரில் டிசம்பர் வந்தால் எலும்போடு கூடிய மாட்டிறைச்சியைக் கரட், லீக்ஸ் சேர்த்துக் கால் நாள் அவிப்பார்கள். காட்டுப்பன்றியை வைனில் ஊறவைத்துச் சமைப்பார்கள். முள்ளுச் செடி வகையான கார்தோன் என்ற தண்டை எலும்பு மச்சையோடு சேர்த்துச் சுடுவார்கள். அந்தப் புரதமும் கொழுப்பும் வாயில் இருக்கும்போது தனின் எச்சிலை விட்டுவிட்டு அவற்றைப் போய்ப் பற்றுகிறது. ஒரு வாய் இறைச்சி, ஒரு மிடறு வைன், வாய் துடைத்ததுபோல் ஆகிறது, அடுத்த வாய்க்குப் பசிக்கிறது. குளிர்கால வைனின் வேலை இதுதான்.

மிளகு விஷயம் இன்னும் வியப்பானது. அந்த வாசம் வெறும் கற்பனை ஒப்புமை இல்லை என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரியவந்தது. 2008இல் ஆஸ்திரேலிய வைன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் சிராவின் மிளகு வாசத்துக்குக் காரணமான பொருளைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். ரொட்டுண்டோன் என்று பெயர். கருமிளகில் மிளகு வாசம் தருவதும் இதே ரொட்டுண்டோன்தான். சிவப்பு வைனில் லீட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் நானோகிராம். பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? சைபெரஸ் ரொட்டுண்டஸ் என்ற செடியிலிருந்து. அது வேறெதுவும் இல்லை, நம் தோட்டங்களில் பிடுங்கிப் பிடுங்கிக் களைத்துப்போகும் கோரை. அதன் கிழங்கைக் காயவைத்து வாசத்துக்காகக் குளியல் மாவில் சேர்ப்பார்களே, அந்தக் கோரைக்கிழங்கு. இதைப் படித்த அன்று வேலைக்குப் போகும் வழியெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அதே ஆய்வில் இன்னொன்றும் வெளிவந்தது. சோதனையில் கலந்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசம் அறவே தெரியவில்லை. தண்ணீரில் லீட்டருக்கு 4,000 நானோகிராம் கலந்து கொடுத்தும் தெரியவில்லை. என் மனைவி அந்த ஐந்தில் ஒருத்தி. பல வருடம், நான் மிளகு மிளகு என்று பரவசப்பட்டதை அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதே கிளாஸில் கறுப்பு ஒலிவும் வயலட் பூவும்தான் வரும். ஒருவருக்கு வைன் சொல்லும்போது அவர் மூக்கையும் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும் என்பதை அவளிடமிருந்துதான் கற்றேன்.

ரொட்டுண்டோன் பழத்தின் தோலில் இருக்கிறது. குளிர்ச்சியான இடத்தில், மெதுவாகப் பழுக்கும் பழத்தில் அது அதிகம். வெயில் கொளுத்தும் இடத்தில் குறைவு. அதனால்தான் ஒரே சிரா ரோன் சரிவில் மிளகாகவும், வெப்பமான நாடுகளில் பழப்பாகாகவும் ஆகிறது. சிராவின் தாயகம் ஈரானின் ஷிராஸ் நகரம் என்று ஒரு கதை நெடுங்காலம் உலவியது. 1990களின் இறுதியில் செய்த மரபணுச் சோதனை அதை முடித்துவைத்தது. ஆர்தேஷ் பகுதியின் துரேசா என்ற கறுப்புப் பழமும், ஆல்ப்ஸ் மலையோரத்துச் சவோயின் வெள்ளை மொந்தூஸும்தான் அதன் பெற்றோர். இரண்டும் இந்தச் சுற்றுவட்டாரத்துக்காரர்கள். பிள்ளை பிறந்த வீட்டைச் சுற்றியே வளர்ந்திருக்கிறது.

வடக்கு ரோனில் வைன் விழாக்கள் குளிர்காலத்தில்தான் வருகின்றன. டிசம்பர் தொடக்கத்தில் கொர்னாஸ் என்ற ஊரில், ஜனவரிப் பிற்பகுதியில் அம்புயியில், பெப்ரவரியில் தான்-லெர்மித்தாஜில். அறுவடை வேலை முடிந்து, கொடி இலையுதிர்த்து உறங்கும் காலத்தில்தான் விவசாயிக்கு ஊற்றிக் கொடுக்க நேரம் கிடைக்கிறது. நான் கொர்னாஸுக்குத்தான் போவேன். லியோனிலிருந்து வலான்ஸுக்கு ரயில். அங்கிருந்து ஆற்றைக் கடந்து பஸ்.

அந்த ரயிலில் வியென் வரை எங்கு உட்கார்ந்தாலும் பரவாயில்லை. வியென் தாண்டியதும் வலப்பக்க ஜன்னலுக்கு மாறிவிட வேண்டும். ஆற்றுக்கு அக்கரையில் சுவர்போல் எழும் சரிவு, கொத்-ரொத்தி. "வெந்த சரிவு" என்று பொருள். செங்குத்தாகச் சாய்ந்திருக்கும் நிலத்தில் ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனியாகக் கம்பு நட்டுக் கட்டியிருப்பார்கள். உழவு இயந்திரம் ஏறாது, எல்லாம் கைவேலை. அங்கே சிராவோடு வியோனியே என்ற வெள்ளைப் பழத்தை 20 சதவீதம் வரை சேர்த்துப் புளிக்கவைக்க அனுமதி உண்டு, பெரும்பாலோர் அதில் கால்வாசிகூடச் சேர்ப்பதில்லை. பிறகு தான்-லெர்மித்தாஜ் நெருங்கும்போது இடப்பக்கம். தண்டவாளத்தை ஒட்டியே எர்மித்தாஜ் குன்று எழும், உச்சியில் சின்னத் தேவாலயம். சிலுவைப் போரிலிருந்து திரும்பிய ஒரு வீரர் 1224இல் அங்கே துறவியாகத் தங்கிக் கொடி வளர்த்தார் என்பது ஊர்க்கதை. மொத்தக் குன்றும் 140 ஹெக்டேர்கூட இல்லை. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் போர்தோ வியாபாரிகள் தங்கள் வைனுக்கு வலுச் சேர்க்க எர்மித்தாஜை வாங்கிக் கலப்பார்கள். இன்று அதன் விலை சமையல்காரனுக்குக் கட்டுப்படியாகாது. வருடத்தில் ஒரு முறை, யாராவது திறந்தால், கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன்.

கொர்னாஸ் இவற்றிலிருந்து வேறுபட்டது. தெற்கு, தென்கிழக்கு பார்த்த கருங்கல் சரிவுகள் ஊரை அரைவட்டமாகச் சூழ்ந்திருக்கின்றன. வடக்கிலிருந்து அடிக்கும் மிஸ்ட்ரால் காற்று உள்ளே வர முடியாது. தேவாலயக் கோபுரம் ஒன்று உயர்ந்து நிற்கும், அதன் முதுகுக்குப் பின்னால் படிப்படியாகக் கல்லடுக்கு. சட்டப்படி இங்கே சிரா மட்டுமே. வெள்ளைப் பழம் ஒரு துளிகூடச் சேர்க்க முடியாது. ஒரு காலத்தில் இந்தச் சரிவுகளைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள்; செங்குத்து நிலத்தில் முதுகு ஒடிய வேலை செய்து, வைனை வியாபாரிக்கு மொத்தமாகக் கொடுத்தால் குடும்பம் நடக்காது. ஓகுஸ்த் கிளாப் போன்ற விவசாயிகள் தங்கள் வைனைத் தாங்களே போத்தலில் அடைத்து விற்கத் துணிந்ததால்தான் ஊரின் பெயர் வெளியே தெரிந்தது. அவர் 2018இல் காலமானார். இன்று கொர்னாஸில் 150 ஹெக்டேர் அளவுக்குக் கொடி நிற்கிறது.

போன டிசம்பரில் என்னோடு சமையலறையில் வேலை செய்யும் தம்பி ஒருவனும் வந்தான். வவுனியாப் பிள்ளை. வைன் என்றால் இனிப்பாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்தவன். மண்டபத்துக்குள் வைக்கோலும் ஈரக் கம்பளிச் சட்டையும் சீஸும் கலந்த வாசம். வாசலில் காசு கொடுத்துக் கிளாஸ் ஒன்றை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். நாங்கள் முதலில் நின்ற மேசைக்குப் பின்னால் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு விவசாயி. கொடி கத்தரித்துக் கத்தரித்துக் கட்டைவிரலின் அடியில் தோல் மரப்பட்டைபோல் தடித்திருந்தது. மூன்று போத்தல்களை வரிசையாக வைத்திருந்தார்: 2021, 2019, அதற்கும் எட்டு வருடம் முந்தியது ஒன்று.

இளையதிலிருந்து தொடங்கினார். 2021 ஏப்ரலில் உறைபனி விழுந்து பிரான்ஸ் முழுக்கக் கொடித் துளிர்களைக் கருக்கிய வருடம், கோடையும் குளிர்ச்சி. நிறம் மெல்லியது, கிளாஸுக்குப் பின்னால் வைத்த விரல் தெரிந்தது. ஆனால் மிளகு! மூடியைத் திறந்த மிளகு டப்பாபோல. தம்பி ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "அண்ணை, இது நாவற்பழம் தின்ற மாதிரி இழுக்கிறது" என்றான். அதை அப்படியே விவசாயிக்குப் பிரெஞ்சில் சொன்னேன். நாவற்பழம் என்னவென்று கேட்டார். மரத்தடியில் பாய் விரித்து உலுக்குவோம், உப்புப் போட்டுக் குலுக்கித் தின்போம், நாக்கு ஒரு நாள் முழுக்க ஊதாவாக இருக்கும் என்றேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, "என் தாத்தா இருந்திருந்தால் அந்தப் பழம் இங்கே வளருமா என்று கேட்டிருப்பார்" என்றார்.

2019 வெயில் வருடம். மை நிறம். மிளகு உள்ளே ஒளிந்துகொண்டு, கறுப்புப் பழமும் அதிமதுரமும் முன்னால் நின்றன. துவர்ப்பு வாயின் நான்கு பக்கமும் அழுத்திப் பிடித்தது. "இப்போது திறக்காதே" என்றார், போத்தலைத் தட்டிக்கொண்டே. மூன்றாவது கிளாஸ் வந்தபோது மண்டபச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை என்றே சொல்லலாம். நிறம் செங்கல் பக்கம் சாய்ந்திருந்தது. துவர்ப்பு இருந்தது, ஆனால் காய்ச்சின தேயிலைச் சாயத்தின் துவர்ப்பு, பிடிக்கவில்லை, தடவியது. புகை, உலர்ந்த ரோஜா, கருகாமல் வாட்டிய இறைச்சியின் ஓரம், கடைசியில் மிளகு, மிளகின் தூசி. தம்பி இம்முறை முகம் சுளிக்கவில்லை. கிளாஸை வெறுமையாக்கிவிட்டும் மூக்கிலேயே வைத்துக்கொண்டு நின்றான். "இரண்டும் ஒரே பழமா?" என்று கேட்டான். ஒரே பழம், ஒரே சரிவு, ஒரே கை.

வாங்கிய போத்தலை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கெடுப்பது மிகவும் சுலபம் என்பதால் சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சிவப்பு வைனை அறைச் சூட்டில் பரிமாறு என்ற சொல் வெப்பமூட்டி வராத காலத்தது. அன்றைய கல்வீட்டு அறை குளிர்காலத்தில் 16, 17 பாகை செல்சியஸ் இருக்கும். இன்று நம் வீடுகளில் 21, 22. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கூட. அந்தச் சூட்டில் நல்ல கொர்னாஸ்கூடச் சாராயமாக மூக்கில் ஏறும், மிளகு காணாமல் போய்விடும். 16இலிருந்து 18 பாகைக்குள் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை: ஜன்னலுக்கு வெளியே விளிம்பில் பதினைந்து, இருபது நிமிடம். மறந்துவிடக் கூடாது. நான் ஒரு ஜனவரி இரவில் ஒரு போத்தலைப் பல்கனியில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். சாதாரண வைன் மைனஸ் 5, 6 பாகையில் உறையத் தொடங்கும். காலையில் தக்கை பாதி வெளியே தள்ளப்பட்டு, கழுத்தில் ஊதாப் பனி ஒட்டியிருந்தது. அது ஒருவர் எனக்குப் பரிசாகத் தந்த போத்தல். இன்றுவரை அவரிடம் அதைச் சொல்லவில்லை.

அதிகம் குளிர்ந்தாலும் கெடுதி. நிலவறையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பாகையில் எடுத்து வந்து உடனே ஊற்றினால் துவர்ப்பு கத்திபோல் நிற்கும். அப்போது கிளாஸை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு பேசிக்கொண்டிருங்கள். இளம் கொர்னாஸை வாயகன்ற ஒரு குடத்தில் ஊற்றி இரண்டு மணி நேரம் காற்றாட விடுங்கள். பழையதை அப்படிச் செய்யாதீர்கள். முதல் நாளே நிமிர்த்தி வைத்து, வண்டல் அடியில் தங்கிய பிறகு, குடிக்கும் நேரத்தில் மெதுவாகத் திறந்தால் போதும்.

இனி, தொலைபேசியில் கேட்பவர்களுக்கு நான் சொல்வது.

நவம்பர் மூன்றாவது வியாழன், லியோனுக்கு வடக்கே உள்ள போஜொலே வட்டாரத்தின் புது வைன் வரும் நாள். லியோன் முழுதும் அன்று தெருவில் நிற்கும். அதை ஊர்த்திருவிழாவாகக் கொண்டாடுங்கள், 46 சென்ரிலீட்டர் பிடிக்கும் அடி தடித்த லியோன் போத்தலில் ஊற்றிக் குடியுங்கள், ஆனால் அதை வைத்துப் போஜொலேயை எடை போடாதீர்கள். அங்கே தனிப்பெயர் பெற்ற ஊர்கள் பத்து இருக்கின்றன. அவற்றில் மொர்கோனும் மூலான்-ஆ-வானும் காமே என்ற அந்த வட்டாரத்துப் பழத்தில் இவ்வளவு ஆழம் இருக்கிறதா என்று நினைக்கவைப்பவை. நான்கைந்து வருடம் ஆன மொர்கோன், பன்றி இறைச்சிச் சொசேஜ், அவித்த உருளைக்கிழங்கு. பனி விழாத, மழை மட்டும் தூறும் நவம்பர் மாலைக்கு இதைவிட வேறொன்றை நான் தேட மாட்டேன்.

வாரநாள் இரவுக்கு குரோஸ்-எர்மித்தாஜ். வடக்கு ரோனில் மிகப் பெரிய நிலப்பரப்பு இதற்குத்தான், அதனால் தரமும் ஏறி இறங்கும். தெற்கே சமவெளியில் கூழாங்கல் மண். பழச்சுவை அதிகம், உடனே குடிக்கலாம். வடக்கே ஜெர்வான் பக்கம் கருங்கல் சரிவுகள். மிளகு வேண்டுமென்றால் கடைக்காரரிடம் அந்தப் பக்கத்து விவசாயி யார் என்று கேளுங்கள். சென்-ஜோசப்பிலும் இதேதான். 1956இல் அந்தப் பெயரைச் சட்டப்படி கொடுத்தபோது துர்னோனையும் மோவையும் சுற்றிய ஆறு ஊர்கள் மட்டுமே அதற்குள் இருந்தன. பிறகு எல்லையை வடக்கே இழுத்தார்கள். லேபலில் விவசாயியின் ஊர் மோவ் என்றோ துர்னோன் என்றோ இருந்தால் நான் யோசிக்காமல் எடுப்பேன். 20 யூரோவுக்கு மேல் கொஞ்சம் போகும். குளிர்காலம் முழுவதற்கும் ஒரே ஒரு பெட்டி வாங்க முடியும் என்று யாராவது சொன்னால், சென்-ஜோசப் 2021 என்று சொல்வேன்.

பனிமலைக்குப் போகிறவர்களுக்கு மொந்தூஸ். சவோயின் கறுப்பு மொந்தூஸ், சிராவுக்கு நெருங்கிய உறவு. ஆர்பன் என்ற ஊரில் சிறப்பாக வரும். மது பெரும்பாலும் 12 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அதே மிளகு, கூடவே புளிப்பு, உருக்கிய சீஸின் கனத்தை அறுத்துக்கொண்டு போகும். சதவீதம் குறைந்தால் குளிருக்கு உதவாது என்று நம்புகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

விருந்தாளிகள் எட்டுப் பேர் வந்து பெரிய சட்டி ஏறும் நாளுக்கு ஜிகோந்தாஸ். தெற்கு ரோன், பெரும்பகுதி கிரெனாஷ் பழம், 14 சதவீதத்துக்குக் குறைவது அரிது. நான் மேலே சொன்னதற்கு இது எதிரானது என்று தெரியும். ஆனால் அங்கே கொடிகள் மலையின் நிழலில் உயரத்தில் நிற்பதால் அந்தக் கனத்துக்குள் ஒரு குளிர்ச்சி தங்கியிருக்கிறது. முடிவில் கறுப்புச் சாக்லேட் வந்தால் மொரி, ருசியோனின் இனிப்புச் சிவப்பு வைன், சின்னக் கிளாஸில். கிறிஸ்மஸ் சந்தையில் விற்கும் சூடான வைனை வீட்டில் செய்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: கொதிக்க விடாதீர்கள். கறுவாவும் கராம்பும் தோடம்பழத் தோலும் ஆவி பறக்கும் அளவுக்குச் சூடானால் போதும். கொதித்தால் கைப்பு மட்டும் மிஞ்சும்.

நம் சாப்பாட்டோடு என்ன குடிப்பது என்று கேட்பவர்களிடம் நான் உண்மையைத்தான் சொல்வேன். யாழ்ப்பாணத்துத் தூள் நிறையப் போட்ட ஆட்டுக்கறியும் துவர்க்கும் வைனும் சண்டை போடும். மிளகாயின் எரிவை மது ஊதிப் பெருக்கும். துவர்ப்பு அந்தப் புண்ணில் தேய்க்கும். நல்ல கறியும் கெடும், நல்ல வைனும் கெடும். அந்தக் கறிக்கு 13, 14 பாகைக்குக் குளிர்த்திய மொர்கோன் ஓரளவு ஒத்துப்போகும். ஒடியற்கூழுக்கு எந்த வைனும் வேண்டாம், கூழ் கூழாகவே இருக்கட்டும். ஆனால் பன்றி இறைச்சியை மிளகாய் குறைத்து, மிளகு, கருகக் கருக வறுத்த மல்லி, கறுவா, கொறுக்காய் போட்டுக் கறுப்பாகப் பிரட்டினால் அது வேறு கதை. ஒரு கிறிஸ்மஸுக்கு முந்திய ஞாயிறு அதைச் செய்து பத்து வருடக் கொர்னாஸ் ஒன்றைத் திறந்தேன். சட்டியில் இருந்த மிளகும் கிளாஸில் இருந்த மிளகும் எதிர் எதிரே வந்து நின்று ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. மனைவிக்குக் கிளாஸில் மிளகு வராது என்று சொன்னேனே. அவள் ஒரு வாய் கறி, ஒரு மிடறு வைன் என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டுவிட்டு, "இன்றைக்கு எனக்கும் இருக்கிறது" என்றாள். கறியின் மிளகுதான் அது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நான் மறுக்கவில்லை.

இதை எழுதும்போது ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. போன டிசம்பரில் அந்த விவசாயியிடம் வாங்கிய ஆறு போத்தல்களில் 2021 ஒன்றை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறேன். அடுப்பில் ஆட்டுத் தொடை, எலும்பை விட்டுக் கழல இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். தம்பி ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். இனிப்பு வைன் கேட்டு வந்தவன், இப்போது 2019ஐ எப்போது திறப்போம் என்று மாதம் ஒரு முறை கேட்கிறான். 2030க்கு முன்னால் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். போய்ப் போத்தலை உள்ளே எடுக்க வேண்டும், இருபது நிமிடம் ஆகிவிட்டது.